விற்ற சிரோவைத் திருப்பி வாங்கியவர்

1961 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணி. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் என் மேசை மேல் பதினொரு சிறுநீர்ச் சீசாக்கள் இருந்தன. மூன்றைப் பார்த்து முடித்திருந்தேன். நான்காவதைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது பிரசவ வார்டிலிருந்து டாக்டரம்மாவே படியிறங்கி வந்தார். அவர் இந்தப் பக்கம் வருகிறவர் இல்லை, ஆள் அனுப்புகிறவர். வாசலில் நின்றபடியே, "முசே அருளப்பன் போயிட்டார். விடியக்காலைல நெஞ்சு வலின்னு உக்காந்திருக்கார், அப்படியே முடிஞ்சுட்டுது" என்றார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"அதத் தெரிஞ்சு இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

ஒன்றும் செய்யப் போவதில்லை. எனக்கு வாயில் அந்தக் கேள்விதான் வரும். மீதி சீசாக்களையும் முடித்து, முடிவுகளை வார்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். இதைப் பற்றி அங்கே இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பாதியில் விட்ட சோதனையைப் பற்றி முசே என்ன சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அவர் கடையில் வரிசையில் நின்றிருப்பீர்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பக்கத்தில், கீழே கடை, மேலே வீடு. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே மருந்தாளுநராகச் சான்றிதழ் வாங்கியவர், அதனால் ஊருக்கு அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. கொடி மாறியபோது போர்டை மாற்றவில்லை, பெயிண்ட் மட்டும் புதிதாக அடித்தார். அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் எழுதுவது ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும். அவர் கையாலேயே காய்ச்சி விற்ற ஒரு பாகைப் பற்றி. அதை அவர் மறைக்கச் சொன்னதே இல்லை. கடை வாசலில் நின்று உரக்கச் சொன்னவர் அவர்தான்.

நான் மதராஸில் ரசாயனம் படித்து 1957இல் இங்கே வேலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய அமிலம் தீர்ந்து, மேலிடத்திலிருந்து வர மாதக்கணக்கு ஆகும் என்றார்கள். எனக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. அவர் கடைக்குப் போய், "ரெண்டு அவுன்ஸ் நைட்ரிக் ஆசிட் வேணும்" என்றேன்.

"அவுன்ஸா? அது எந்த ஊர்ப் பிராணி?" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தக் கடைல கிராம்தான். உங்க அவுன்ஸு, கிரெய்னு எல்லாத்தையும் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க."

அடுத்த வருஷம் இந்திய சர்க்காரே படிக்கல்லையெல்லாம் கிராமுக்கு மாற்றத் தொடங்கியது. அந்த வாரம் முழுவதும் அவரைப் பிடிக்க முடியவில்லை. நான் தெருவில் போனால் கடைக்குள்ளிருந்து கத்துவார். "மத்ராஸ்! உங்க சர்க்கார் என் கடைக்கு வந்துட்டுது, பாத்தீங்களா? நீங்க எப்ப வரப் போறீங்க?" எனக்கு அவர் வைத்த பெயர் மத்ராஸ். கடைசி வரை அதுதான்.

சிரோ விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சில் மருந்துப் பாகுக்கு சிரோ என்று பேர். இந்த ஊரில் பல வீடுகளில் சிரோ என்றால் ஒன்றுதான். அயோடினையும் டானின் என்ற துவர்ப்புப் பொடியையும் சர்க்கரைப் பாகில் சேர்த்துக் காய்ச்சுவது. பழுப்பு நிறம், துவர்ப்பும் இனிப்பும். பிரெஞ்சு வீடுகளில் சோகைப் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி கொடுப்பார்கள். பட்டாளத்துக்கும் சைகோனுக்கும் போய்த் திரும்பிய நம் ஆட்கள் அதை வீட்டோடு கொண்டு வந்தார்கள். அதன் பிறகு அது முழுகாமல் இருக்கிற பெண்களின் பானமாகிவிட்டது. வளைகாப்புக்குப் போகிறவர்கள் தட்டில் வளையல், பூ, பழத்தோடு ஒரு சிரோ பாட்டிலும் வைப்பார்கள். அது சமையலறையில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும், மருந்து அலமாரியில் அல்ல. இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஊரில் நல்ல சிரோ அவருடையது. வெளிநாட்டு பாட்டிலைவிட நல்லது என்று வெள்ளைக்கார மதாம்களே வாங்கினார்கள். அவருக்கும் அதில் கர்வம் உண்டு. ஒவ்வொரு முறை காய்ச்சி முடித்ததும் கஞ்சிப்பசை தடவிய காகிதத்தில் ஒரு சொட்டு விடுவார். அயோடின் தனியாக இருந்தால் கஞ்சிப்பசை நீலமாகும். அவர் காகிதம் ஒருநாளும் நீலமானதில்லை. "டானின் அத கட்டிப் போட்டுட்டுது. என் சிரோல அவுத்து விட்ட அயோடின் ஒரு துளி கிடையாது. இது மருந்து இல்ல, தெம்பு" என்பார்.

1958இல் அவருடைய ஒரே மகள் செசீலுக்கு முதல் பிரசவம். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் கடல் தாண்டி இருந்தார். செசீலின் அம்மா இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. எனவே மகளுக்கு வேளாவேளைக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது முசேதான். ஆண் குழந்தை. தொண்டைக்குக் கீழே, முன்கழுத்தில், கொய்யாக்காய் அளவுக்கு வீக்கம். தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழலை நெரித்துக்கொண்டிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

டாக்டரம்மா தாயிடம் கேட்டார். "மாசமா இருக்கும்போது மருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல டாக்டர்" என்றாள் செசீல்.

பக்கத்தில் நின்ற முசேயிடமும் கேட்டார். "என் கையால ஒரு மாத்திரகூடக் குடுத்ததில்ல" என்றார். மருந்துக் கடைக்காரர் தன் மகளுக்கு மருந்தே கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றார்கள். கடைசியில் பழி மீன் மேல் நின்றது. செசீல் மீன் இல்லாமல் சோறு இறங்காதவள். அவளுக்கு நாள் தவறாமல் மீன் கொண்டு வருகிறவர் வீராம்பட்டினத்துப் பச்சையம்மா. கூடையை இறக்கும்போதே தெருவுக்குக் கேட்கிற குரல். சுறாவும் எறாவும் தின்றுதான் பிள்ளைக்குக் கழுத்து வீங்கிவிட்டது என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். பச்சையம்மாவை வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

1959இல் மாப்பிள்ளை விடுப்பில் வந்து போன பிறகு செசீல் மறுபடி முழுகாமல் இருந்தாள். முசே இந்த முறை படித்தவராக யோசித்தார். கழுத்துக் கழலை அயோடின் குறைவால் வருவது, மலைநாட்டில் அப்படித்தான், இது புத்தகத்தில் உள்ளது. ஊர் வாய்க்குப் பயந்து மீனை நிறுத்தியாயிற்று. மீனில் வருகிற அயோடினும் போயிற்று. அதற்கு ஈடு கட்ட வேண்டும். எனவே முதல் முறை தினம் ஒரு கரண்டியாக இருந்த சிரோ இப்போது இரண்டு கரண்டி ஆனது. ஒவ்வொரு படியும் நேராகத்தான் இருக்கிறது. இறங்கிய இடம்தான் தப்பு.

ஏழாம் மாதம் டாக்டரம்மா செசீலின் சிறுநீரை எனக்கு அனுப்பினார். "அயோடின் சுத்தமா இல்லையான்னு பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். சாதாரணமாக ஒருவர் சிறுநீரில் உள்ள அயோடின் என்னுடைய சோதனையில் கண்ணுக்கே தெரியாது. ஒன்றும் தென்படவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நைட்ரிக் அமிலம் விட்டு, குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கினேன்; அயோடின் நிறைய இருந்தால் குளோரோஃபார்ம் ஊதாவாகும். குழாயின் அடியில் குளோரோஃபார்ம் நாவல்பழ நிறத்தில் இறங்கியது. குழாய் அழுக்கு என்று நினைத்து வேறு குழாயில் செய்தேன். அதே நிறம். புதிதாகச் சிறுநீர் வாங்கி வரச் சொன்னேன். அதே நிறம். குறைவைத் தேடப் போனால் அண்டா அண்டாவாக இருக்கிறது.

டாக்டரம்மா குழாயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "ஆஸ்துமாவுக்கு அயோடைடு மிக்ஸ்சர் குடிக்கிற அம்மாக்களுக்கு இப்படிக் கழுத்து வீங்கின பிள்ளை பொறக்கறது உண்டு. இந்தப் பொண்ணுக்கு ஆஸ்துமா இல்லையே" என்றார்.

விஷயம் இதுதான். தைராய்டு வேலை செய்ய அயோடின் வேண்டும், துளியளவு. அதை வாளி வாளியாகக் கொட்டினால் சுரப்பி வேலையை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்ளும். வளர்ந்தவர்களுக்குச் சில நாளில் தானே திறந்துவிடும். கருவில் இருக்கிற பிள்ளையின் சுரப்பிக்குத் திறந்துகொள்ளத் தெரியாது. சுரப்பு போதவில்லை, போதவில்லை என்று மூளை விரட்டிக்கொண்டே இருக்கும். விரட்டலில் சுரப்பி வீங்கும். மூச்சு அடைக்கும். மூச்சு அடைக்காமல் பிழைத்தாலும் சுரப்பு இல்லாத மூளை சரியாக வளராது. தாய்க்கு ஒரு குறையும் தெரியாது. அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் அப்போதே குழாய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பட்டப்பகல். கடையைத் தாண்டி மாடி ஏறினேன். செசீல் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தாள். முசே கையில் கரண்டி.

"அது என்ன?" என்றேன்.

"சிரோ."

"மருந்து எதுவும் இல்லன்னீங்களே!"

"சிரோ மருந்தா?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கரண்டியைப் பிடுங்கினேன். பிடுங்கியதில் பாதி என் சட்டையில் கொட்டியது, அந்தக் கறை இன்னும் போகவில்லை. நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அவர்கள் உறவில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். ஏழாவது மாதம், ஒவ்வொரு வேளையும் கணக்கு.

முசேக்குக் கோபம் வந்தது. "கீழ வாங்க மத்ராஸ். கடைல பேசிக்குவோம். அங்க தராசும் இருக்கு, சாட்சியும் இருக்கு" என்று இறங்கினார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கஞ்சிக் காகிதத்தை எடுத்து ஒரு சொட்டு சிரோ விட்டார். வெள்ளையாகவே இருந்தது. "பாருங்க. அவுத்து விட்ட அயோடின் எங்க?"

"கட்டிப் போட்டது காகிதத்துக்குத்தான் தெரியாது. ஒடம்பு அவுத்துக்கும்" என்றேன். "உங்க நைட்ரிக் ஆசிட்டக் குடுங்க. உங்க குளோரோஃபார்மையும் குடுங்க. நீங்களே ஊத்துங்க."

அவரே ஊற்றினார். அளந்து ஊற்றினார். குலுக்கி, நிறுத்தினார். அடியில் ஊதா இறங்கியது. அதன் பக்கத்தில் மகளின் சிறுநீரை அதே மாதிரி அவரே செய்தார். இரண்டு குழாயையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். வரிசையில் நின்ற ஒருவர், "முசே, என் இருமல் மருந்து" என்றார். "இருங்க" என்றார் முசே. இருமல் மருந்தைக் கட்டிக் கொடுத்தார். பிறகு சிரோ பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

மாடிப்படி கல்லாவுக்குப் பின்னால்தான். கதவைச் சாத்தவில்லை. நான் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"செசீல், மொதப் புள்ள போனது இதாலதான். இத நான்தான் காய்ச்சினேன், நான்தான் குடுத்தேன். இனிமே ஒரு சொட்டு வேணாம்."

பிறகு செசீல் சொன்னாள். "ஒரு கரண்டி நீங்க குடுத்தீங்க பப்பா. ரெண்டாவது கரண்டி நானே கேட்டு வாங்கினேன். அந்தப் பழியையும் நீங்களே எடுத்துக்காதீங்க." பின்கட்டுச் சாக்கடையில் பாட்டில் கவிழும் சத்தம் கேட்டது.

நிறுத்திவிட்டோம் என்றால் போதுமா, பிள்ளை தப்புமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். நேர்மையான பதில். எனக்குப் பிடித்தது. முசேக்கும் அதையே சொன்னேன். இரண்டு மாதம் எங்கள் இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. வாரா வாரம் சிறுநீர் வரும். ஊதா வெளுத்துக்கொண்டே போனது. ஒரு வாரம் நிறமே இல்லை. குழாயை அவருக்குக் காட்டினேன். "தாய் சுத்தம். உள்ள இருக்கறவன் என்ன சொல்றான்?" என்றார். அதற்குச் சோதனை கிடையாது.

பிரசவத்தன்று டாக்டரம்மா மூச்சுக்குழலுக்கு ரப்பர்க் குழாயும், தோளுக்கு அடியில் வைக்கத் துணிச் சுருணையும் தயாராக வைத்திருந்தார். முசே வராந்தாவில் நின்றார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. சோதனைக்கூடத்துக்காரன் நான் ஏதோ சாக்கு வைத்துக் கதவுவரை போய்த் திரும்பினேன்.

"அழுவுதா?"

"அழுவுது."

"எப்படி அழுவுது?"

"கரகரன்னு."

"கரகரன்னாலும் காத்து போவுதுல்ல. போதும்" என்று சொல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீக்கம் இருந்தது, பாதி எலுமிச்சை அளவுக்கு. தோளுக்கடியில் சுருணை வைத்துக் கழுத்தை நீட்டினாற்போல் படுக்க வைத்தார்கள். சில வாரங்களில் வடிந்துவிட்டது. அந்தப் பையன் ழானை நீங்கள் கடையில் பார்த்திருப்பீர்கள். தராசுத் தட்டில் பொம்மையை ஏற்றி நிறுத்துக்கொண்டிருப்பான்.

இதோடு முடிந்திருக்கலாம். அவருக்கு முடியவில்லை. விற்ற சிரோவெல்லாம் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்பது அவர் மனசில் இருந்தது. நான் சொன்னேன், "நோட்டீஸ் அடிச்சு தெருத் தெருவா ஒட்டிடுங்க, ஒருநாள் வேலை."

"நோட்டீஸ்ல என்னன்னு போடுவீங்க?"

"கர்ப்பிணிகள் அயோடின் கலந்த மருந்து உட்கொள்ளக் கூடாது."

"சரி. செசீல் அதப் படிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பா? சரிதான்னு தலைய ஆட்டிட்டு சிரோவ குடிச்சிருப்பா. நானே ஊத்திக் குடுத்திருப்பேன். அது மருந்து இல்லியே, மத்ராஸ்!"

நான் நோட்டீஸை விடவில்லை, என் செலவில் அடித்து ஒட்டினேன். அதைப் பார்த்து ஒரு பெண் வந்தாள். ஒரே ஒருத்திதான், ஆனாலும் வந்தாள். முசே புஸ்புஸ் வண்டி பிடித்து வீடு வீடாகப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற அந்த வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் வேகம் வராது. நான் பாதித் தூரம் இறங்கி நடந்தேன்.

பாட்டிலைத் திருப்பி வாங்குவது எளிது என்று நினைத்தேன். நெல்லித்தோப்பில் ஒரு அம்மா கொடுக்கவே மாட்டேன் என்றார். "மூணு புள்ளைக்கும் உங்க சிரோதான் முசே குடிச்சேன். மூணும் குத்துக்கல்லாட்டம் இருக்குது. இப்ப இன்னா, வெலைய ஏத்தி விக்கறதுக்குத் திரும்பக் கேக்கறீங்களா?"

"மூணும் நல்லா இருக்கறது என் சாமர்த்தியம் இல்லம்மா, உன் அதிர்ஷ்டம்" என்றார் முசே. "என் மொதப் பேரனுக்கு அது இல்ல. நாலாவதுக்கு நீ பந்தயம் கட்டாத."

அந்த அம்மா உள்ளே போய் இரண்டு பாட்டில்கள் கொண்டு வந்தார். ஒன்று அவர் சொல்லாமல் வைத்திருந்தது.

முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் அவரே சொல்வார். "என் பேரன் என் சிரோவால போனான். உனக்கு வேணாம்." சில பேர் பாவம் என்றார்கள். பல பேர் வேறு கடைக்குப் போனார்கள். சிரோவுக்கு மட்டும் அல்ல, எல்லா மருந்துக்கும். பேரனைக் கொன்றவன் கடை என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். முசேக்கு அது பிடிக்கவில்லை. "அவர் சொன்னதுல எது தப்புன்னு சண்ட போட்டீங்க?" என்றார்.

பச்சையம்மாவைக் கூப்பிட்டு வரப் போனது அவரேதான். கடற்கரைக்குப் போய்க் கூடைக்கு எதிரில் நின்று, "தப்பு மீன்ல இல்லம்மா" என்றார்.

பச்சையம்மா விடவில்லை. "ஒரு வருசமா உன் வூட்டுப் படி ஏறல நானு. பாட்டிலு பாட்டிலா நீ ஊத்திக் குடுத்துட்டு, என் எறா மேல பழி போட்டியே முசே! எறாவுக்கு வாய் இருந்தா உன்ன இன்னா கேக்கும்?"

"அதுக்கு வாய் இல்லாததாலதான் ஒன்கிட்ட வந்தேன். வந்து கேளு, படி ஏறி வந்து கேளு" என்றார்.

மறுநாள் பச்சையம்மா வந்தார், கேட்டார், ஒரு மணி நேரம் கேட்டார். முசே நின்று கேட்டுக்கொண்டார். அன்று செசீல் சுறாப்புட்டு சாப்பிட்டாள். மீன் சாப்பிடுகிற கர்ப்பிணிக்கு அயோடின் தேவையான அளவு மீனிலேயே வந்துவிடும் என்பதை நான் இங்கே எழுதி வைக்கிறேன். சமையலறையில் இருக்கிறது என்பதால் எல்லாமே சாப்பாடு ஆகிவிடாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு கடையில் அவர் கேட்கும் கேள்வி மாறியது. முன்பெல்லாம் "என்ன ஒடம்புக்கு?" என்பார். பிறகு, முக்கியமாக மாசமாக இருக்கிற பெண்களிடம், "மருந்துன்னு நெனைக்காததச் சொல்லு" என்பார். அவர்கள் விழிப்பார்கள். அவர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொல்வார். காலையில் எழுந்தது முதல் வாயில் போனதையெல்லாம் சொல்ல வைப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். ஒருநாள் நானும் அந்த வரிசையில் நின்று, "முசே, எனக்கு வேலை இருக்கு" என்றேன். "எனக்கும் இதான் வேலை" என்றார். அப்படித்தான் ஒரு பெண் தினம் இழுப்புக்கு என்று கணவனின் அயோடைடு மிக்ஸ்சரைப் பங்கு போட்டுக் குடிப்பது தெரிந்தது. அவளும் டாக்டரம்மாவிடம் மருந்து இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள். அது கணவனின் மருந்து, அவளுடையது இல்லையாம்.

அடக்கத்தன்று வீட்டில் கூட்டம். கடை அடைத்திருந்தது, தராசின் மேல் துணி போட்டிருந்தார்கள். பச்சையம்மா வாசலில் கூடை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "ஒரு மணி நேரம் திட்டினேன் தம்பி. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல அந்த மனுசன்" என்றார்.

மேலே செசீல் இருந்தாள். மாப்பிள்ளை விடுப்பில் வந்து போனதில் அவளுக்கு இப்போது நாலாம் மாதம். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் காபி, ரொட்டி, பால் என்று மேசை நிறைய வைத்திருந்தார்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு அத்தை, பிரெஞ்சில் தாந்த் என்று செசீல் கூப்பிடுகிறவர், வயிற்றுப்பிள்ளைக்காரி வெறும் வயிற்றோடு கிடக்கிறாளே என்று, தன் பையிலிருந்து ஒரு வெளிநாட்டு பாட்டிலை எடுத்துத் திறந்துகொண்டிருந்தார். சீட்டைப் படித்தேன். அதே சிரோ. முசேயின் உடல் கீழே இருக்கிறது, மேலே அதே சிரோ.

பாட்டிலை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். "யாருடா இவன், துக்க வூட்டுல திருடறான்?" என்றார் அத்தை. செசீல் தலையைத் தூக்கி, "விடுங்க தாந்த், அவர் அப்படித்தான்" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது என்று பிறகு சொன்னார்கள்.

அவரைப் பற்றி நல்லவர், பெரியவர் என்று எழுத எனக்கு வராது. தன் கைப்பொருள் தப்பு என்று தெரிந்ததும் அதைத் தன் கையாலேயே சோதித்தார், தன் வாயாலேயே சொன்னார், தன் காலாலேயே போய்த் திருப்பி வாங்கினார். இதைச் செய்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. அதை வைத்துக்கொண்டு நான் செய்யப் போவது:

1. கதவைச் சாத்திய முதலியார்பேட்டை வீட்டுக்கும், மூலக்குளத்தில் முசே போக நினைத்து முடியாமல் போன இரண்டு வீடுகளுக்கும் வரும் ஞாயிறு போவேன். புஸ்புஸ் வண்டி வேண்டாம், சைக்கிள் இருக்கிறது.

2. வெளிநாட்டு சிரோ விற்கிற மற்றக் கடைகளுக்கு என் நைட்ரிக் அமிலத்தோடும் குளோரோஃபார்மோடும் போவேன். கடைக்காரரே ஊற்றட்டும். நான் ஊற்றிக் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

3. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகள் வருகிற நாளில் சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து உட்காருவேன். டாக்டரம்மா மருந்து என்ன என்று கேட்கட்டும். மருந்து என்று நினைக்காததை நான் கேட்பேன். எனக்குப் பொறுமை இல்லை என்பது டாக்டரம்மாவின் ஆட்சேபம். ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

4. நோட்டீஸை மறுபடி அடிப்பேன். இந்த முறை அதில் மருந்து என்ற சொல்லே இருக்காது. சிரோ என்று போட்டு, பாட்டிலின் படமும் போடுவேன்.

5. இன்று சாயங்காலம் செசீலைப் பார்க்கப் போவேன். அழுதுகொண்டிருப்பாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலையிலிருந்து என்னென்ன குடித்தாய் என்று கேட்பேன். கோபித்துக்கொள்வாள். பதில் வரும் வரை உட்கார்ந்திருப்பேன்.